பல்கலைக் கழகப் படிப்பும் பணமுடையும்

பல்கலைக் கழகத்தில் இடம் பெறுவது ஒன்று. இடம் பெற்றவர் மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே நிலைத்திருந்து பட்டத்தோடு வெளிவருவது மற்றொன்று. முன்னதற்கு மதிப்பெண் வேண்டும். பின்னதற்கு மதிப்பெண்ணோடு பணமும், பணத்தோடு வழிகாட்டுவார் துணையும் வேண்டும். ஆண்டுதோறும் முடிவுகள் வெளியாகும்போது நம் சமுதாயத்தில் முன்னதைப் பற்றியே பேச்சு மிகுதி. எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேருக்குக் கேட்ட துறை மறுக்கப்பட்டது என்று கணக்குப் பார்க்கிறோம். இடம் கிடைத்தும் போகாதவர், போயும் முதலாண்டிலேயே திரும்பி வந்தவர் ஆகியோரை எண்ணிப் பார்ப்போர் குறைவு. அத்தகையோர் ஆரவாரம் இன்றி ஊருக்குத் திரும்பி, ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்துவிடுவதால் அவர்கள் பெயர் எவர் கணக்கிலும் வருவதில்லை.

இவ்விஷயத்தில் மக்களிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. "அரசாங்கம்தான் கடன் கொடுக்கிறதே, பிறகென்ன?" என்பார் ஒரு சாரார். "நம் பிள்ளைகளுக்கு எவர் உதவுகிறார்?" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மையல்ல. மலேசியாவில் வறிய மாணவர்க்கு உதவி இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஆயினும் அவை வரும் காலமும், வேண்டும் காலமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் ஏழை மாணவர் இடறி விழுகிறார். உதவிகளின் தன்மையையும் இந்த இடைவெளியின் காரணத்தையும் பெற்றோர் தெளிவாக அறிந்துகொண்டால், அதை அடைப்பது அரிய செயலன்று.

கட்டணம் வேறு, செலவு வேறு

முதலில் ஒரு வேற்றுமையை உணர வேண்டும். அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் ஒரு மாணவரைப் பட்டதாரியாக்க ஆகும் செலவில் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மாணவர் செலுத்தும் கட்டணம் அதில் சிறு பங்கே. தனியார் பல்கலைக் கழகங்களின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆதலால், "கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை விட்டார்" என்று பொதுவாகச் சொல்லப்படும் இடங்களில் பலவற்றில் உண்மைக் காரணம் கட்டணம் அன்று, செலவு.

செலவு என்பது யாது? பதிவு நாளன்று கட்ட வேண்டிய முதல் பருவத் தொகை, விடுதி வாடகை, பயணச் செலவு, மெத்தை விரிப்பு, வாளி முதலிய பொருள்கள், மடிக்கணினி, அன்றாடச் சாப்பாடு ஆகியவை வெளிப்படையான செலவுகள். வெளியே தெரியாத செலவு ஒன்றும் உண்டு. வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயது நிரம்பிய பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக் கூடிய ஊதியம் வராமற் போகிறது. வசதியுள்ள வீட்டில் இதை இழப்பென எவரும் எண்ணார். வறிய வீட்டில் இதுவே எல்லாவற்றிலும் பெரிய இழப்பு.

கேமரன் மலையின் வட கோடியில் உள்ள கம்போங் ராஜாவை எடுத்துக்கொள்வோம். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலையில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களில் தமிழர் முன்னின்றவர்கள். இன்று கொழுந்து பறிக்கும் வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் இருக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல காய்கறித் தோட்டம், லாரி, கடை, தங்கும் விடுதி எனப் பிற தொழில்களில் பிழைக்கின்றன. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இத்தகைய சம்பளம் ஒன்றையோ இரண்டையோ நம்பியிருக்கும் வீட்டில், பிள்ளைகள் மூவர் படிக்கையில், மூத்தவருக்குப் பல்கலைக் கழகக் கடிதம் வருகிறது.

கடிதம் எந்த ஊரிலிருந்து வரும் என்பதும் அவர் கையில் இல்லை. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக இறங்கினால் ஈப்போ எட்டிவிடும். ஆனால் பகாங் மாநிலத்தின் சொந்தப் பல்கலைக் கழகமோ மாநிலத்தின் மறு கோடியில், பெக்கானிலும் கம்பாங்கிலும் இருக்கிறது. பினாங்கில் 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக் கழகத்திலோ, 1984-இல் தோன்றி இன்று சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக் கழகத்திலோ இடம் கிடைக்கலாம். 1992-இல் அமைந்த சரவாக் பல்கலைக் கழகத்திலோ, 1994-இல் அமைந்த சபா பல்கலைக் கழகத்திலோ கிடைத்தால் கடல் கடக்க வேண்டும். விமானச் சீட்டு வேண்டும். பதிவுக்கு இருப்பதோ சில வாரங்கள்.

கடனாக வரும் உதவி

வறிய மாணவர் பெரும்பாலோர் நம்பியிருப்பது தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனை. பி.டி.பி.டி.என். என்று மக்கள் வழங்குவது இதனையே. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இக்கழகம், அவ்வாண்டு நவம்பரில் தன் பணியைத் தொடங்கியது. மலேசியக் குடிமக்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, முழுக் கடனோ பகுதிக் கடனோ இது வழங்குகிறது.

இக்கடனைப் பற்றி அச்சமும் உண்டு, அலட்சியமும் உண்டு. இரண்டும் தீரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். தொடக்க காலத்தில் இதன் மேலாண்மைக் கட்டணம் அதிகமாக இருந்தது. 2008-இல் ஆண்டுக்கு 1 விழுக்காடு என்னும் முறை வந்தது. எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் மொத்தம் 20,000 வெள்ளி கடன் பெற்று 10 ஆண்டுகளில் திருப்பிக் கட்டுகிறார் என்போம். ஆண்டுக்கு 200 வெள்ளி வீதம் 10 ஆண்டுகளுக்கு 2,000 வெள்ளி கூடுகிறது. ஆக 22,000 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 184 வெள்ளி. வேலையில் அமர்ந்த பட்டதாரிக்கு இது தாங்கக் கூடியதே; வட்டிக் கடைக்காரரிடம் வாங்கும் கடனோடு இதனை ஒரே தராசில் வைத்தல் தவறு. ஆனால் பட்டம் பெறாமல் நடுவில் நின்றுவிட்டவருக்கும் இதே கடன் தொடர்கிறது என்பதை மறக்கலாகாது. படிப்பு இல்லை, கடன் உண்டு என்னும் நிலையே எல்லாவற்றிலும் கொடியது. ஆகவே, ஒருவரைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பி வைப்பதோடு கடமை தீர்ந்தது என்று ஊரார் எண்ணுதல் பொருந்தாது.

முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம் பெறுவோருக்கு, உரிய விதிகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடும் உண்டு. இவ்விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் அவ்வப்போதைய நிலையைக் கழகத்திடமே கேட்டறிதல் வேண்டும். கடனுக்கு மாறாக உபகாரச் சம்பளம் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளம் அவற்றுள் தலையாயது. எனினும், அது மிகச் சிறந்த தேர்ச்சி பெற்ற சிலருக்கு உரியது. நடுத்தரத் தேர்ச்சியோடு, மிகுந்த வறுமையில் இருக்கும் மாணவருக்குக் கடனே பெருந்துணை.

இடைவெளி எங்கே தோன்றுகிறது?

கடன் இருக்கிறது, கட்டணமும் குறைவு, பின் ஏன் இடர்ப்பாடு? கடன் தொகை மாணவர் பதிவு செய்துகொண்ட பிறகு, பல்கலைக் கழகம் அப்பதிவை உறுதி செய்த பிறகு, ஒப்பந்தம் முடிந்த பிறகு, பருவத்துக்குப் பருவம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. மாணவருக்குச் செலவு தொடங்குவதோ கடிதம் வந்த அன்றே. பயிரிட்டவன் அறுவடைக்குக் காத்திருக்கலாம். விதை வாங்கப் பணம் இல்லாதவன் எதற்காகக் காத்திருப்பான்? முதல் இரண்டு மூன்று மாதங்களின் செலவை யார் தாங்குவது என்பதே கேள்வி.

அரசாங்கமும் இதனை உணர்ந்திருக்கிறது. அரசாங்க உயர்கல்விக் கூடங்களில் இடம் பெற்ற, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குப் பதிவுக்கு முன்னரே கடனின் ஒரு பகுதியை முன்பணமாகத் தரும் ஏற்பாட்டை நிதிக் கழகம் வைத்திருக்கிறது. இம்முன்பணம் 1,500 வெள்ளி என்னும் அளவில் வழங்கப்பட்டு வந்தது. தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். முதல் அடியை எடுத்து வைக்க இது போதும். ஆயினும், இதற்குரியவர் எவர், எந்த நாளுக்குள் கேட்க வேண்டும், எந்த வங்கியில் பெற வேண்டும் என்பன எல்லாம் தெரிந்தவருக்கே இது பயன்படும். கைப்பேசியில் இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் மலைச் சரிவில், பெற்றோர் இருவரும் விடியுமுன் வேலைக்குப் போய்விடும் வீட்டில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தனியே அமர்ந்து இவை அனைத்தையும் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பத்திரங்களின் தடை மற்றொன்று. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பெற்றோரின் வருமானச் சான்று ஆகியன இன்றி எந்த மனுவும் நகராது. நாட்கூலிக்கு வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு இராது. தந்தை பிரிந்துபோன குடும்பத்தில் அவர் கையொப்பத்தை எங்கே பெறுவது? இவற்றினும் கடுமையானது குடியுரிமைச் சிக்கல். இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் பிறப்புப் பதிவு முறையாக நடவாமையால் குடியுரிமை பெறாத தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் இருக்கின்றனர். நிதிக் கழகக் கடன் குடிமக்களுக்கே உரியதாகையால், எத்துணைச் சிறந்த மாணவராயினும் அவருக்கு அவ்வாயில் திறவாது. பதினேழாம் வயதில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. தொடக்கப் பள்ளியில் சேரும்போதே பத்திரங்களைச் சரிபார்த்து, குறையிருப்பின் அன்றே பதிவிலாகாவுக்கு அனுப்புவதுதான் முறை.

பணம் வந்த பின்னரும் ஒரு சோதனை காத்திருக்கிறது. வீட்டில் ஒருவர் நோயுற்றால், தம்பிக்குப் பள்ளிச் செலவு நேர்ந்தால், கடன் தொகை வந்த கையோடு ஊருக்குப் போய்விடுகிறது. மாணவர் ஒருவேளை உணவோடு நாளை ஓட்டுவார். அல்லது இரவில் உணவுக் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் வகுப்பில் கண்ணயர்வார். தேர்ச்சி குறைந்தால் கடன் நிறுத்தப்படும் ஆபத்தும் உண்டு. தேர்ச்சி குறைய வறுமை காரணம். கடன் நின்றால் வறுமை பெருகும். இச்சுழலில் அகப்பட்ட மாணவரைச் சோம்பேறி என்று வெளியிலிருந்து தீர்ப்புக் கூறுவது எளிது.

அதிகம் அறியப்படாத வழிகள்

நெருக்கடியில் உள்ள மாணவர்க்கு வேறு சில வழிகளும் உள. இவை பலருக்குத் தெரியாமலேயே கிடக்கின்றன.

முதலாவது, பல்கலைக் கழகத்துக்குள்ளேயே இருப்பது. ஒவ்வோர் அரசாங்கப் பல்கலைக் கழகத்திலும் மாணவர் விவகாரப் பிரிவு உண்டு. கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி, அவசர உதவி, மாணவர் நல நிதி, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு அங்கேதான் செல்ல வேண்டும். பசியால் வாடும் மாணவர்க்கு உணவுப் பொருள் வழங்கும் உணவு வங்கித் திட்டமும் 2019 முதல் பல்கலைக் கழக வளாகங்களில் இடம்பெற்றது. உடற்குறையுள்ள மாணவர்க்கு உயர்கல்வி அமைச்சின் தனி உதவி உண்டு. கேட்பவருக்கே இவை கிட்டும்; கேட்கக் கூசுபவர் அறையில் அடைந்து கிடப்பார்.

இரண்டாவது, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலைக்குச் சென்று சந்தா கட்டிய தந்தையோ தாயோ இறந்துபோனால், அல்லது உடல் இயலாமையால் ஓய்வூதியம் பெற்றால், உரிய தகுதியுள்ள பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் மாத ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடாமல், இதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, ஊழியர் சேமநிதி. உறுப்பினர் தம் பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்காகச் சேமிப்பின் ஒரு பகுதியை எடுக்கலாம். 2024 மே மாதத்தில் சேமநிதிக் கணக்குகள் மூன்றாகப் பகுக்கப்பட்ட பின், இதற்குரியது நல்வாழ்வுக் கணக்கு ஆகும். இவ்வழியை எச்சரிக்கையோடு நாட வேண்டும். தாய் தந்தையரின் முதுமைக்கென்று உள்ள சோறு இது. குறைந்த வட்டியில் கல்விக் கடன் கிடைக்கும்போது இதில் முதலில் கை வைப்பது அறிவுடைமை ஆகாது.

நான்காவது, மாநில அளவில் உள்ள அறநிறுவனங்கள். பகாங் மாநிலத்தவருக்குக் கல்வி உதவி வழங்குவதற்கென யாயாசான் பகாங் இருக்கிறது. கேமரன் மலைவாசிகள் பேராவின் ஈப்போவையே தம் நகரமாகக் கொண்டு வாழ்வதால், குவாந்தானில் உள்ள தம் மாநில நிறுவனங்களின் அறிவிப்புகள் அவர்கள் காதுக்கு எட்டுவது அரிதாகிவிடுகிறது.

சமுதாயத்தின் கை

அரசாங்கத்தின் கை ஒருபுறம் இருக்க, சமுதாயத்தின் கை என்ன செய்திருக்கிறது? மலாயாத் தமிழர் வரலாற்றில் இதற்குப் பெருமைக்குரிய விடை உண்டு.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியது. அங்கே இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி முழங்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. தோட்டத்துத் தொழிலாளரும் நகரத்துக் கூலியாட்களும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை அளித்தனர். 1956-இல் துறை அமைந்தது. தமிழ் நூல்களும் பல்கலைக் கழகத்தில் குடியேறின. தம் பிள்ளை என்றேனும் அந்த வாயிலை மிதிக்குமா என்று அறியாதவர்கள் கொடுத்த பணம் அது.

அடுத்த எடுத்துக்காட்டு, நிலத்தைப் பற்றியது. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன், தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்க்குமாறு தொழிலாளரை வேண்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. பால்மரம் வெட்டியவரே தோட்டத்தின் பங்குதாரரானார். உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் பணியையும் அச்சங்கம் பின்னர் மேற்கொண்டது.

1984-இல் ம.இ.கா.வின் சார்பில் எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டு, மாணவர்க்குக் கல்விக் கடன் வழங்கத் தொடங்கியது. 2001-இல் கெடாவில் ஏம்ஸ்ட் உயர்கல்விக் கூடம் அதன் முயற்சியால் எழுந்தது. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பணத்தைவிட வழிகாட்டுதலே பெரிது என்னும் கொள்கையோடு, பல்கலைக் கழக வாயில்வரை மாணவரை ஆயத்தம் செய்யும் பணியை ஆற்றியது. 2018-இல் அரசாங்கத்தின் மித்ரா பிரிவு வந்தது. அதன் உதவித் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடியவை. ஆகவே சென்ற ஆண்டு ஒருவருக்குக் கிடைத்தது இவ்வாண்டும் கிடைக்கும் என்று நம்பி இருத்தல் கூடாது. புதிதாகக் கேட்டறிய வேண்டும்.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. நூலகத்துக்குப் பணம் சேர்ந்தது, நிலத்துக்குச் சேர்ந்தது, கட்டடத்துக்கும் சேர்ந்தது. கண்ணால் காணக் கூடிய பொருளுக்குப் பணம் எளிதில் சேர்கிறது. பதிவு நாளுக்கும் கடன் வரும் நாளுக்கும் இடையில் ஒரு மாணவர் உண்ணும் சோற்றைக் கல்வெட்டில் பொறிக்க முடியாது. அதற்குப் பணம் சேர்வதுதான் அரிது.

பிற நாடுகளில்

இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாதபோதும் ஏழை மாணவர் தவித்தனர். ஆகவேதான் 1981-இல் லலித் அத்துலத்முதலி வணிக அமைச்சராக இருந்தபோது மஹபொல நிதியம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கண்காட்சிகளிலும் லாட்டரியிலும் திரண்ட வருவாயைக் கொண்டு மாணவர்க்கு மாதந்தோறும் உதவித் தொகை வழங்குவது அதன் நோக்கம். 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இத்தொகை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது, சோற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்பதற்கு அந்நாடே சான்று.

தமிழ் நாட்டில் 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேரும் ஏற்பாடு அது. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்கும் அதுபோன்ற 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. தொகை சிறிது. ஆனால் மாதந்தோறும் வருவது. மாணவர் கையில் வருவது. பேருந்துச் செலவுக்கு அப்பாவிடம் கேட்கத் தயங்கும் பெண்ணுக்கு இத்தொகை படிப்பைத் தொடரும் துணிவைத் தரும்.

சிங்கப்பூரில் 1991-இல் அமைந்த சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், வேலை செய்யும் இந்தியரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு சந்தாவைச் சேமநிதி வழியாகப் பெறுகிறது. விழா நடத்தி நன்கொடை வேண்டும் தொல்லை இல்லை. நிதி வற்றுவதும் இல்லை. சம்பந்தனார் தோட்டங்களில் கேட்ட பத்து வெள்ளியின் நெறியும் இதுதான்.

ஊரார் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நம் ஊர்கள் பின்பற்றத்தக்க வழி ஒன்று புலனாகிறது. பெரிய உபகாரச் சம்பளம் வழங்கச் சிற்றூர்களால் இயலாது. இயல வேண்டிய தேவையும் இல்லை. இடைவெளியை அடைக்கும் சுழல் நிதி ஒன்று போதும். கடிதம் பெற்ற மாணவருக்குப் பதிவுக்கு முன் 1,500 வெள்ளி அதிலிருந்து கைமாற்றாகத் தரப்படும். கல்விக் கடன் கைக்கு வந்ததும் அவர் தவணையாகத் திருப்பித் தருவார். அதே பணம் அடுத்த ஆண்டு அடுத்த மாணவருக்குப் போகும்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்து மாணவர் என்றால் 15,000 வெள்ளி தேவை. 125 குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் ஓராண்டு சேர்த்தால் 15,000 வெள்ளி திரண்டுவிடும். அதன்பின் சேர்வது, திருப்பித் தர முடியாமற் போனவரின் குறையை ஈடு செய்யவும், தந்தை இறத்தல், நோய் முதலிய எதிர்பாராத இடர்களுக்கு உதவவும் பயன்படும். குடும்பங்கள் குறைவாயின் மாணவர் எண்ணிக்கையும் குறைவே. அதற்கேற்ப நிதியும் சிறிதாக இருக்கலாம்.

"ஏழைகளிடமே பணம் கேட்பதா?" என்று ஒருவர் வினவலாம். வசதியுள்ளோரிடம் மிகுதியாகக் கேட்பது முறையே. எனினும், தாமும் பத்து வெள்ளி போட்ட நிதியிலிருந்து தம் பிள்ளைக்குப் பெறும் தாய் தலைகுனிய வேண்டியதில்லை. அது அவர் உரிமை. "நிதியை நம்பி யாரிடம் ஒப்படைப்பது?" என்பது மற்றொரு வினா. இது நியாயமான அச்சம். கோயில் செயற்குழு, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாதவாறு வங்கிக் கணக்கை அமைக்க வேண்டும். வரவும் செலவும் ஆண்டுக்கு இருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பெற்றவர் பெயர் மட்டும் அங்கே இடம்பெறலாகாது.

இக்கடைசி வாக்கியத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி பெறும் மாணவரை மேடையேற்றி, மாலையிட்டு, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கொடுப்பவர் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அம்மேடையைக் கண்டு, தம் வறுமை ஊரறிய வெளிப்படுமே என்றஞ்சி, மனுப் போடாமலே இருந்துவிடும் மாணவரும் இருப்பர். சிறந்த தேர்ச்சிக்குப் பரிசளிக்க மேடை வேண்டும். பசிக்கு உதவ மேடை வேண்டாம்.

நிதிக்கு ஒப்பானது ஆள் துணை. ஒவ்வோர் ஊரிலும் பல்கலைக் கழகம் சென்று மீண்ட ஒருவரேனும் இருப்பார். மனு செய்யும் நாள்களில் இரண்டு வார இறுதிகளைக் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ அவர் செலவிட்டால், பத்துப் பிள்ளைகளின் படிவங்கள் பிழையின்றி நிரம்பும். அவர்கள் செல்லும் பல்கலைக் கழகத்தில் முன்பே பயிலும் மூத்த மாணவர் எவரென்று கண்டுபிடித்து, இருவரையும் தொடர்புபடுத்தி வைப்பதும் அவரால் இயலும். பேருந்தில் இறங்கும்போது எதிர்கொண்டு அழைக்க ஒருவர், முதல் தேர்வில் சறுக்கினால் "மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போவோம் வா" என்று கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் இருப்பின், பாதி இடர் அங்கேயே தீரும்.

பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பிள்ளையின் கல்விக் கடனைக் குடும்ப வருமானமாக எண்ணாதிருத்தல். வீட்டில் எவ்வளவு நெருக்கடி நேர்ந்தாலும், அத்தொகை பிள்ளையின் படிப்பு முடியும்வரை பிள்ளையின் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் உரியது. அந்த நெருக்கடிக்கென்றுதான் ஊர் நிதி இருக்க வேண்டும்.

இவ்வாண்டுக் கடிதங்கள் வரும் காலம் தொலைவில் இல்லை. கடிதம் வந்த பிறகு கூட்டம் போட்டு, குழு அமைத்து, நிதி திரட்டத் தொடங்கினால் பதிவு நாள் கடந்துவிடும். இன்றே ஊருக்கு ஒரு குறிப்பேடு தொடங்கி, அடுத்த ஈராண்டுகளில் பல்கலைக் கழகம் செல்லும் வயதுள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரின் பத்திரங்களும் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிடுவது முதல் வேலை. அந்தக் குறிப்பேட்டில் உள்ள பெயர்களில், பணமில்லை என்பதற்காக ஒன்றுகூட அடிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது ஊராரின் பொறுப்பு.